நான் சொன்னது ஆமென் இல்லை

எபி,

எந்தக் கடிதத்தையும் ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பிப்பதுதான் என் வழக்கம். இந்தத் தடவை அது பேனாவிலிருந்து இறங்கவில்லை. மனசு ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். ஆறவில்லை. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம் வைத்திருக்கிறீர்கள். நம் சபைப் பள்ளிக்கூடத்தில் காலையில் சொல்கிற ஜெபத்தை எடுத்துவிடலாம் என்று பள்ளிக் கமிட்டி முடிவு பண்ணினதை அங்கே ஓட்டுக்கு விடப்போகிறீர்கள். தாளாளர் என்ற முறையில் நீதான் எழுந்து பேசுவாய். கமிட்டியில் சொன்னதையெல்லாம் மறுபடி சொல்வாய். "எங்க அம்மாவே சரின்னுட்டாங்க" என்பதையும் சொல்வாய். நான் சரி என்று சொல்லவில்லை. அதை உன்னிடம் நேரில் சொன்னேன், நீ சிரித்தாய். அதனால் எழுத்தில் சொல்கிறேன். இந்தக் கடிதம் உனக்கு மட்டுமா, ஊருக்கும் சேர்த்தா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் முடிவை நான் உன் வாயால் கேட்கவில்லை, ஷமீமா கடையில் கேட்டேன். அவளை உனக்குத் தெரியும். புருஷன் குவைத்தில் இருக்க, மளிகைக் கடையை ஒண்டியாகப் பார்த்துக்கொள்கிறாள், இரண்டு பிள்ளைகளையும் நம் பள்ளிக்கூடத்தில்தான் படிக்க வைக்கிறாள். கடலைமாவு வாங்கப் போனவளிடம், "என்னக்கா, நீங்களே கைகாட்டிட்டீங்களாமே?" என்றாள். எதுக்கு என்றேன். "பிரேயர எடுக்கறதுக்குத்தான். எங்க அம்மாவே சரின்னுட்டாங்க, இனிமே வேற யாரு என்ன சொல்லப்போறாங்கன்னு உங்க புள்ள மீட்டிங்ல சொன்னாராம். வேன் டிரைவர் சொன்னாரு." உனக்கு வேறு வேலை இல்லை, எடையைப் போடு என்றேன். அவள் போடவில்லை. "எங்க புள்ளைங்க வீட்ல துஆ கேக்குது, அங்க வந்து கைகட்டி நிக்குது. இது யாரு வீட்டு வழக்கம், அது யாரு வீட்டு வழக்கம்னு அதுங்களுக்கே தெரியுது. ஆண்டவன் பேரே எடுக்காத ஸ்கூல்தான் வேணும்னா பாண்டி வேன்ல ஏத்தி வுட்டிருப்பேனேக்கா. உங்க ஸ்கூலுக்கு எதுக்கு அனுப்பினேன்?" காசைக் கொடுத்துவிட்டு மாவைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் நான் எப்போது சரி என்று சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவு வந்தது.

நீ ஒருநாள் போன் பண்ணினாய். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன், போனைக் கழுத்தில் இடுக்கியிருந்தேன். "ம்மா, ஸ்கூல் பிரேயர காலத்துக்கேத்த மாதிரி கொஞ்சம் மாத்தலாம்னு கமிட்டில பேச்சு. நீ என்ன சொல்ற?" என்றாய். "ஆவட்டும், பாக்கலாம்" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஆவட்டும்தான் கமிட்டியில் சம்மதம் ஆகியிருக்கிறது.

நம் வீட்டில் ஆவட்டும் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல வாய் வராதபோது நான் சொல்கிற வார்த்தை அது. ஆறாவது படிக்கும்போது சைக்கிள் கேட்டாய், ஆவட்டும் என்றேன். தரையில் உட்கார்ந்து, "ஆவட்டும்னு சொல்லாதம்மா, இல்லன்னே சொல்லிடு" என்று அழுதவன் நீ. உனக்குப் பெண் பார்க்கத் திண்டிவனம் போனோமே, நினைவிருக்கிறதா? கேசரியும் காபியும் கொடுத்து அனுப்பின அந்த வீட்டுப் பெரியவர், "ஆகட்டும், கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார். உன் அப்பா சந்தோஷமாகத்தான் காரில் ஏறினார். நீதான் கதவைச் சாத்தினதும், "அவ்ளோதாம்பா, வேணாம்னுட்டாங்க. போற வழியில பிரியாணியாச்சும் சாப்பிடலாம்" என்றாய். முன்பின் தெரியாத ஒரு வீட்டு ஆகட்டும் உனக்கு அவ்வளவு சுத்தமாகப் புரிந்தது. பெற்றவள் சொன்ன ஆவட்டும் மட்டும் புரியாமல் போய்விட்டதா? புரியாமல் செய்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதவே மாட்டேன். புரிந்தேதான் செய்தாய். என் மனசு ஆறாததற்குக் காரணம் அதுதான்.

அடுத்த சனிக்கிழமை நீ வந்தபோது கேட்டேன். "நான் எப்போடா சரின்னேன்?" உடனே பதில் வைத்திருந்தாய். "நீதானம்மா ஆவட்டும்னு சொன்ன. ஆமென்னுக்கு அதுதானே அர்த்தம்? சண்டே ஸ்கூல்ல நீயே எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்க, ஆமென்னா அப்படியே ஆகட்டும்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாய். உன் மனைவியும் என்னவோ ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள், பாவம், அவளைக் குறை சொல்லமாட்டேன். நானும் எதையோ எடுக்கிற மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவள் நான். மீதியெல்லாம் வேதாகமத்தையும் உன் பழைய பாடப்புத்தகங்களையும் எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டதுதான். ஜெபத்தின் கடைசி வார்த்தைக்கு அர்த்தம் கண்டுபிடித்து அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற அளவுக்கு வந்ததில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்த அர்த்தத்தை எடுத்துத்தான் என் வாயை அடைத்தாய்.

இப்போது ஜெபத்தைப் பற்றிச் சொல்கிறேன். உனக்குத் தெரியாதது இல்லை, கமிட்டியில் புதிதாக வந்தவர்களுக்கும் தெரியட்டும். பரமண்டல ஜெபம் முடிந்ததும் நம் பள்ளிக்கூடத்தில் ஒரு வரி சொல்வார்கள். அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கிரேஸ் டீச்சர் தலைமை ஆசிரியையாக இருந்தபோது வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பாதி உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள், மறு பாதி மேற்கே ஏரிக்கரை ஊர்களிலிருந்து வருகிற விவசாய வீட்டுப் பிள்ளைகள். கோடையில் மேகம் கறுத்தால் அந்தப் பிள்ளைகள் குதிக்கும், நம் பிள்ளைகள் முகம் செத்துப்போகும். ஒரு தடவை அது அடிதடியாகி ஒரு பையனுக்கு மண்டை உடைந்தது. டீச்சர் பிரம்பை எடுக்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து உப்பளத்துப் பிள்ளைகள் ஏரிக்கு மழை கேட்க வேண்டும், ஏரிக்கரைப் பிள்ளைகள் உப்புப் பாத்திக்கு வெயில் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தனக்கு வேண்டியதை அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்ளட்டும், இங்கே அடுத்தவனுக்குக் கேட்கட்டும் என்றார். "ஆண்டவரே, அவங்க ஏரிய நிரப்பும்" என்று ஒரு வரிசை. "ஆண்டவரே, அவங்க பாத்தியக் காய வையும்" என்று எதிர் வரிசை. சொல்ல விருப்பமில்லாத பிள்ளை வாயை மூடிக்கொண்டு நிற்கலாம். யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஏரிக்கரை ஏழுமலை அதைக் கேள்விப்பட்டு மாட்டு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தார். நெற்றி நிறைய விபூதி. "ஏன் டீச்சர், நான் ஏரித்தண்ணிய நம்பி நாத்து வுட்டுட்டு ஒக்காந்துனுக்கிறேன், எம்புள்ள இங்க வந்து வெயில் கேக்கறானாமே. ஏரி வத்திட்டா நீங்க வந்து எறைப்பீங்களா?" என்று கேட்டார். டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஒங்க வீட்டுலேர்ந்து வெயில் கேக்கறது ஒரே ஒரு புள்ளதான் ஏழுமலை. ஒங்க ஏரிக்கு மழை கேக்கறது இங்க பாதி ஸ்கூலு. யாருக்கு லாபம்னு நீங்களே பாத்துக்குங்க" என்றார். மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு போனார். பிறகு தன் எல்லாப் பிள்ளைகளையும் அந்த ஜெபத்தில்தான் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த வீட்டில் இன்றைக்கும் விபூதிதான். யாரும் அவர்களை மாறச் சொன்னதும் இல்லை. கிறிஸ்தவப் பள்ளிக்கூடம் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த வரியைத்தான் சொல்வேன். வெளியூரிலிருந்து வருகிற பிரசங்கியார் ஒவ்வொருத்தரும் உப்பளத்து ஊர் என்று கேள்விப்பட்டதும் "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்" என்று உப்பைப் பற்றியே பிரசங்கம் பண்ணுவார்கள், ஏதோ நமக்கு உப்பைத் தெரியாத மாதிரி. மழை கேட்கிற உப்பளத்துப் பிள்ளையைப் பற்றி ஒருத்தரும் பேசினதில்லை. அந்த வரியைக் காதால் கேட்டவனுக்கு இது யாருடைய பள்ளிக்கூடம் என்று போர்டைப் படிக்காமலே தெரியும்.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, பங்குனிக் கடைசியில், ஒரு மத்தியானம் மழை கொட்டினது. அப்பா அந்த வருஷம்தான் முதன்முதலாகச் சொந்தக் குத்தகைக்குப் பாத்தி எடுத்திருந்தார். பாத்தியில் இருந்ததும் போச்சு, வாரி வரப்பில் குவித்து இன்னும் கீற்று போட்டு மூடாத உப்பும் போச்சு. மறுநாள் காலை ஜெபத்தில் நீ வாய் திறக்கவில்லை என்று கிரேஸ் டீச்சர் சொல்லி அனுப்பினார். சாயந்திரம் வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "நான் தெனம் மழை கேட்டேனேம்மா, அதனாலதான் அப்பா உப்பு கரைஞ்சிடுச்சா?" உன் அப்பா சிரித்தார். "டேய், நீ கேட்டு மழை பெய்யுதுன்னா ஒன்ன ஊர் ஊரா கூட்டிட்டுப் போயி நான் கோடீஸ்வரனாயிடுவேன்டா." நீ சிரிக்கவில்லை. இனிமேல் கேட்கமாட்டேன் என்றாய். "கேக்கலன்னாலும் மழை வரத்தான் செய்யும். கேட்டிருந்தா, வந்த மழை முருகன் வீட்டுக்காச்சும் ஆவுதேன்னு இருக்கும்" என்றேன். முருகன் ஏழுமலையின் கடைசிப் பையன், உன் கூடப் படித்தவன். அது சரியான பதில்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் இரண்டு நாள் கழித்து நீ வந்து சொன்னாய்: "முருகன் இன்னிக்கி வெயிலுன்னு கத்துனாம்மா, டீச்சரே சிரிச்சிட்டாங்க. நானும் மழைன்னு கத்திட்டேன்."

அப்படிக் கத்தின நீதான் இப்போது, ஜெபத்துக்குப் பதிலாக இரண்டு நிமிஷம் மௌனம், அதற்குப் பிறகு மைக்கில் ஒரு நல்ல சிந்தனை என்று கொண்டுவந்திருக்கிறாய். மௌனத்தில் யாருக்கும் மனவருத்தம் வராது என்கிறாய். வராதுதான். நானும் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு அந்த மௌனத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மூட்டுவலி வந்தது, அப்புறம் கேஸ் சிலிண்டர், அப்புறம் நீ. எல்லாம் என் வீட்டு விஷயம். சும்மா விட்டால் மனசு தன்னைச் சுற்றித்தான் வரும். அடுத்தவன் ஏரிக்கு மழை வேண்டும் என்று அதற்கு யாராவது வாயால் சொல்லித் தரவேண்டியிருக்கிறது. ஜெபம் பண்ணினால் எல்லாப் பிள்ளைகளும் யோக்கியமாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. நீயும் அந்த வரிசையில் பத்து வருஷம் நின்றவன்தான்.

உன் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஈசிஆரில் புதிதாக வந்திருக்கிற பள்ளிக்கூடத்துக்கு நம் பிள்ளைகள் போகிறார்கள். வகுப்புக்கு ஒரு பெஞ்சாவது காலியாக இருக்கிறது. காலம் முன்ன மாதிரி இல்லை, யாராவது ஜெபத்தை வீடியோ எடுத்துத் தப்பாகப் போட்டுவிட்டால் என்ன பண்ணுவது என்று பயப்படுகிறாய். அந்தப் பயம் பொய் இல்லை என்று எனக்கும் தெரியும். அதை அப்படியே என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். உட்கார்ந்து பேசியிருப்பேன். ஜெபத்தில் நிற்கப் பிரியமில்லாத பிள்ளைகள் அந்த நேரம் லைப்ரரியில் இருக்கட்டும் என்றால்கூட ஒத்துக்கொண்டிருப்பேன். அதைவிட, "எனக்கே ஜெபத்தில் நம்பிக்கை விட்டுப்போச்சும்மா" என்று நீ சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், ஆனால் உன்னை மதித்திருப்பேன். உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நான் மட்டும் கண்ணை மூடுகிறேன், நீங்கள் எனக்காகக் காத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்தும் நான் ஒன்றும் கேட்டதில்லை. அது உனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. என் வாயில் வராத சம்மதத்தை ஊருக்குக் காட்டினது உனக்கும் எனக்கும் உள்ளது.

அது என்ன பண்ணியிருக்கிறது என்று உனக்குத் தெரியாது, நீ பாண்டியில் இருக்கிறாய். பெண்கள் ஐக்கியத்தில் இத்தனை வருஷமாகப் பிடியரிசி சேர்க்கிறவள் நான். உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து கோயிலுக்குக் கொடுக்கிறார்களே, நீ படித்த அந்த ஓட்டுக் கட்டடம் அந்த அரிசியை விற்று எழும்பினதுதான். அரிசி கொடுத்த பெண்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தங்கள் பிள்ளைகள் ஆண்டவர் பேரைச் சொல்லிப் படிக்கட்டும் என்றுதான் கொடுத்தார்கள். போன ஞாயிறு செல்வி வெறுங்கையோடு வந்தாள். அரிசி எங்கே என்றேன். "நீங்களே வுட்டுட்டீங்களேக்கா, இனிமே எதுக்கு?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்கு எழுதும்போது ஒரு வரியை அடித்தால் பக்கத்தில் காரணம் எழுதி என் கையெழுத்தைப் போடுவேன், இல்லையென்றால் அது திருட்டுக் கணக்கு. நீ பள்ளிக்கூடத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு என் கையெழுத்தைப் போட்டிருக்கிறாய். யாரோ வெளியூர்க்காரர் ஒருத்தரும் போன் பண்ணினார். நான் அழுதுகொண்டே பேசினால் யூடியூபில் போட்டுப் பெரிதாக்கிவிடலாம் என்றார். எங்க வீட்டுப் பிரச்சனை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று வைத்துவிட்டேன். ஷமீமாவின் மேலும் ஏழுமலையின் மேலும் கல்லெறிய இந்த ஜெபத்தை யார் கையிலும் கொடுக்கமாட்டேன்.

உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, வலிக்கிற முழங்காலைத் தடவிக்கொண்டார். "பெத்த புள்ளைய எதுத்து கோயில்ல நிக்கப்போறியா?" என்றார். ஓட்டில் அவன் ஜெயிக்கட்டும், என் பேரை வைத்து ஜெயிக்க வேண்டாம் என்றேன். "நீ நின்னா அவன் இனிமே வரமாட்டான்" என்றார். வரமாட்டாய் என்று எனக்கும் பயம்தான். பேத்தி இப்போதுதான் என்னை ஆயா என்று கூப்பிடப் பழகியிருக்கிறாள். பயந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஆரம்பித்ததும் போதகர், யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்பார். முதலில் நீ எழுந்திரு. "எங்க அம்மா சம்மதிக்கல, நான்தான் அப்படிச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிடு. அதற்குப் பிறகு உன் காரணங்களை எல்லாம் வேண்டிய மட்டும் பேசு. நானும் ஒரு கையைத் தூக்கி என் ஓட்டைப் போட்டுவிட்டு, தோற்றால் தோற்றேன் என்று உட்கார்ந்துவிடுவேன். இந்தக் கடிதம் உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கும், வேறு ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள். நீ எழுந்திருக்கவில்லை என்றால், நான் எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை முதல் வரியிலிருந்து படிப்பேன். நடுவில் நிறுத்தமாட்டேன்.

உன் அப்பா வழக்கமாக முன் பெஞ்சில் உட்காருகிறவர், இந்த வாரம் கதவோரமாக உட்காரப்போகிறாராம். ஏன் என்று கேட்டேன். நான் படிக்க ஆரம்பித்து நீ கோபத்தில் எழுந்து வெளியே போனால், உன் பின்னால் வர அங்கிருந்துதான் சீக்கிரம் முடியுமாம். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு முன் பெஞ்சிலிருந்து உன்னைப் பிடிக்க முடியாது என்கிறார்.

அம்மா